கூட்டத்துக்கு மக்கள் ஏன் வருவதில்லை? (முன்வரிசை, கணக்கன், சீட்டு என்ற புனைபெயர்களில் மூவரின் உரையாடல்)

முன்வரிசை:
உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு மக்கள் வருவதில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், வந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை இருந்தது என்பதைச் சொல்வதில்லை. நான் சென்ற ஒரு பகுதிக் கூட்டத்தில், உட்கார்ந்த உடனேயே வருகைப் பதிவேடு கைமாறி வந்தது. கையெழுத்திடப் பக்கத்தைப் புரட்டியபோது, அன்றைய தீர்மானங்கள் முந்தைய பக்கத்தில் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டு, 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்பதும் சேர்க்கப்பட்டிருந்தது. அடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரி நகரிலோ, 1989-இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவு முறையில், எந்தத் தெருவுக்குச் சாலை, எந்தப் பகுதிக்குக் கழிவுநீர் வடிகால் முதலில் என்பதை மக்களே கூடி வரிசைப்படுத்தினார்கள். ஏழைகள் அங்கே திரண்டு வந்தது விழிப்புணர்வுப் பிரசாரத்தால் அன்று, கேட்டது நடந்ததால்தான்.

கணக்கன்:
அந்தக் கதையின் பிற்பகுதியையும் சொல்லுங்கள். அதைக் கொண்டுவந்த தொழிலாளர் கட்சி 2004-இல் நகராட்சியை இழந்தபின் அம்முறை மெல்ல மெலிந்து, 2017-இல் நிறுத்தியே வைக்கப்பட்டது. மேயரின் தயவில் நிற்கும் அதிகாரத்தை மக்கள் அதிகாரம் என்று எப்படிச் சொல்வது? மேலும், கூட்டம் என்பது நேரம் உள்ளவர்களின் அரசாட்சி. இரண்டு வேலை பார்ப்பவரும், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரும் வர முடியாத இடத்தில், ஓய்வுபெற்றவர்களும் ஒப்பந்ததாரர்களும் 'ஊர் விருப்பம்' என்று எதையும் எழுதிவிடலாம். எல்லாரும் சமமாக நிற்பது வாக்குச்சாவடியில்தான். ஆஸ்திரேலியாவில் 1922-இல் 60 சதவீதத்துக்கும் கீழே இருந்த வாக்குப்பதிவு, கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்தபின் 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது.

முன்வரிசை:
கட்டாயம் ஆளைக் கொண்டுவரும், அக்கறையைக் கொண்டுவராது. பெல்ஜியத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வாக்களிப்பது கட்டாயம். அதன் பிளாண்டர்ஸ் பகுதியில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் அதை நீக்கி 2024-இல் தேர்தல் நடத்தியபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தலைமுறைகள் கடந்தும் பழக்கம் ஒட்டவில்லை. நேரமின்மை பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான், அதற்கு என்னிடம் முழு விடை இல்லை.

சீட்டு:
விடை குலுக்கலில் இருக்கிறது. அயர்லாந்தில் 2016-இல் கூட்டப்பட்ட குடிமக்கள் பேரவைக்கு, தலைவரைத் தவிர்த்த 99 பேரும் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கட்சிகள் தொடவே அஞ்சிய கருக்கலைப்புத் தடையை அவர்கள் வார இறுதிகளில் அமர்ந்து, மருத்துவர்களையும் சட்ட வல்லுநர்களையும் கேட்டு, நீக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2018 பொதுவாக்கெடுப்பில் 66 சதவீதத்தினர் அதை ஏற்றார்கள். நேரம் உள்ளவர் யார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

கணக்கன்:
எழுந்தது, அழைப்பு வந்தவர் மறுக்கலாம், மறுத்தவர்களும் உண்டு. குலுக்கல் என்றதும் நமக்குப் பெருமையாக நினைவுக்கு வருவது உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை. ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி. ஓலை குடத்தில் விழும் முன்பே அரசியல் முடிந்துவிட்டது. (கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதியை மட்டும் இன்றும் கடன் வாங்கலாம்.)

சீட்டு:
அப்படியானால் வருபவருக்குக் கூலி கொடுங்கள். ஏதென்சு நகரத்தார் அதைத்தான் செய்தார்கள்: மன்றத்துக்குப் போதிய ஆட்கள் வராததால், கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகைக்கு முதலில் ஓர் ஓபல் காசு கொடுத்து, சில ஆண்டுகளில் அதை மூன்றாக்கினார்கள். ஒருநாள் உழைப்பை விட்டுவிட்டு வருபவரிடம் குடிமைக் கடமையைப் பேசுவதைவிட இது நேர்மையானது.

முன்வரிசை:
கூலிக்கு நான் எதிரி அல்லன். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு வந்தவரும் எழுதி முடித்த பக்கத்தின் கீழேதான் கையெழுத்திடுவார் என்றால், செலவு மட்டுமே கூடும். முதலில், சென்ற கூட்டத்தின் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்பதை வாசித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கட்டும். புதிய தீர்மானத்தை எல்லார் முன்னிலையிலும் எழுதி, உரக்கப் படித்தபிறகு பதிவேட்டை நீட்டட்டும்.

கணக்கன்:
அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும் என்று உறுதி தந்தால் நானும் வருகிறேன். ஆனால் கூட்டத்தை முற்பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள்.