'கோலாலம்பூர்' என்ற சொல்லைக் கலைத்தால் மடிக்கணினி உறைந்துவிடுகிறது: உதவி தேவை

பட்டர்வொர்த் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்காக, எழுத்துகள் இடம் மாறிய சொல்லைக் காட்டி மூலச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு ஒன்றைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதி வருகிறேன். எல்லா வரிசைமாற்றங்களையும் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்றைக் குலுக்கலாக எடுப்பதே என் வழி. 'பினாங்கு' உடனே வந்துவிடுகிறது. ஆனால் முதலிடத்தில் சில நேரம் புள்ளியாலான வட்டமும் அதனோடு ஒட்டிய உகரக் குறியும் தெரிகின்றன. 'கோலாலம்பூர்' என்று கொடுத்தாலோ கணினி உறைந்துவிடுகிறது. ஆறெழுத்துச் சொல்லுக்கு 720 வரிசைகள்தாமே? இதைவிட வேகமான வழிமுறை உண்டா?

செந்தூல் நிரலர்:
வணக்கம் டீச்சர். நமக்கு ஆறெழுத்தாகத் தெரியும் அச்சொல் பைத்தானுக்கு 11 குறியீடுகள். உயிர்க்குறியையும் மெய்யின் புள்ளியையும், எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் தரமான யூனிகோட் தனித்தனியே எண்ணுகிறது. ஆகவே உங்கள் நிரல் 720 அல்ல, 39,916,800 சொற்களை உருவாக்கி நினைவகத்தில் அடுக்க முயல்கிறது. உயிர்மெய்யிலிருந்து பிரிந்த குறி சொல்லின் தலையில் வந்து நிற்பதால்தான் அந்த வட்டமும் தோன்றுகிறது. எனவே முதலில் சொல்லை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்து, யூனிகோட் வகைப்பெயர் ஆங்கில 'எம்' (M) என்று தொடங்கும் ஒவ்வொரு குறியையும் அதற்கு முந்தைய எழுத்தோடு ஒட்டி, எழுத்துகளின் பட்டியலாக்குங்கள். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் இம்முறையில் இரண்டாகப் பிரியும்; அவற்றைத் தனியே கவனிக்க வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு கலைத்த வரிசை போதும் என்னும்போது எல்லா வரிசைகளையும் உருவாக்கத் தேவையே இல்லை. புள்ளியியலாளர்களான ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் தாளில் செய்வதற்காகத் தந்த முறையை, டர்ஸ்டன்ஃபெல்ட் 1964-இல் கணினிக்கு ஏற்ப மாற்றினார். கடைசி எழுத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும், அந்த இடத்தையும் உட்படுத்தி அதற்கு முன்னுள்ள இடங்களில் ஒன்றைக் குலுக்கலாகத் தேர்ந்து, இரண்டிலும் உள்ள எழுத்துகளை இடம் மாற்ற வேண்டும். கோலாலம்பூருக்கு ஐந்தே சுற்றுகளில் வேலை முடியும். பைத்தானின் ஷஃபிள் செயல்கூறு பட்டியலின் மேல் இதையே செய்கிறது. நீங்களே எழுதுவதானால், ஒவ்வொரு சுற்றிலும் எல்லா இடங்களிலிருந்தும் தேர்ந்துவிடாதீர்கள். நான் தொடக்கத்தில் செய்த பிழை அது. நான்கெழுத்துச் சொல்லுக்கு அவ்வாறு 4×4×4×4 = 256 தேர்வுப் பாதைகள் உண்டாகும். அவற்றை 24 வரிசைகளுக்குச் சமமாகப் பங்கிட முடியாது என்பதால், சில வரிசைகள் அடிக்கடி வரும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
ஒரு சிறு சேர்க்கை. 'கோ' என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்க இயலும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் விடையை ஒப்பிடும்போது சரியான விடையும் தவறு என்றாகிவிடும். மூலச் சொல், மாணவரின் விடை இரண்டையும், இத்தகைய குறிகளை ஒரே முறையில் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவமான என்எஃப்சிக்கு (NFC) மாற்றியபின் ஒப்பிடுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
மிக்க நன்றி ஐயா. இப்போது எல்லாச் சொற்களும் நொடியில் கலைகின்றன. கலைத்தபின் மூலச் சொல்லே திரும்ப வந்தால் மீண்டும் கலைக்குமாறு ஒரு சுழற்சியைச் சேர்த்தேன். அதன்பின் உறவுமுறைச் சொற்களைக் கொடுத்தபோது, 'தாத்தா' வரை சரியாக ஓடிய நிரல் 'மாமா'வில் நின்றுவிட்டது. ஏனென்று புரியவில்லை.

செந்தூல் நிரலர்:
'மாமா'வில் உள்ள இரண்டும் ஒரே எழுத்து, டீச்சர். எத்தனை முறை கலைத்தாலும் அது 'மாமா'தான். ஆகவே சுழற்சிக்கு முடிவே இல்லை. சுழற்சிக்குள் நுழையுமுன், சொல்லில் குறைந்தது இரண்டு வெவ்வேறு எழுத்துகள் உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
அந்தச் சோதனையைச் சேர்த்துவிட்டேன். மாமாவைப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டேன்.