அப்பாவோட பயாப்சில ஈபிவி பாசிட்டிவ், எபிஜெனெடிக் மாற்றம்னா பிள்ளைங்களுக்கும் வருமா?

நிலாமகள்:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, மூணு மாசமா சாப்பிட்டா நெஞ்சுக்குழில அடைக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு, எண்டோஸ்கோபி பண்ணதுல இரைப்பையோட மேல்பகுதில கட்டி, பயாப்சில கேன்சர்னு வந்துடுச்சு. ரிப்போர்ட்டோட கடைசி வரில 'ஈபர் ஐஎஸ்எச் பாசிட்டிவ்'னு போட்டிருக்கு. இது வைரஸ் சம்பந்தப்பட்ட வகை, இதுல எபிஜெனெடிக் மாற்றம் ரொம்ப அதிகம்னு டாக்டர் சொன்னாரு. வெளிய நிறைய பேர் காத்திருந்தாங்க, அதுக்கு மேல கேக்க வாய் வரல, தலையாட்டிட்டு வந்துட்டோம். ராத்திரி தம்பி கேக்குறான், "ஜீன் சம்பந்தப்பட்டதுன்னா நமக்கும் வருமாக்கா"ன்னு. அம்மாவுக்கு இது ஒட்டுவாரொட்டியோன்னு பயம், அப்பா தட்டை தனியா எடுத்து வெக்குறாங்க, அதப் பாத்து அப்பா முகம் சுருங்கிப்போச்சு. தெரிஞ்சவங்க யாராவது புரியுற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்லைடு_பெட்டி:
முதல்ல அம்மாகிட்ட சொல்லி அந்தத் தட்டை ஒண்ணா வெக்கச் சொல்லுங்கம்மா. நான் பத்தாலஜி லேப்ல வேலை பாக்குறேன். ஈபிவிங்கறது எப்ஸ்டீன் பார் வைரஸ், 1964ல கண்டுபிடிச்சது, உலகத்துல பெரியவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல உள்ளவங்க உடம்புல இருக்கு, பெரும்பாலும் சின்ன வயசுலயே எச்சில் வழியா வந்து காலத்துக்கும் தூங்கிட்டே கிடக்கும். அம்மாகிட்டயும் உங்ககிட்டயும் என்கிட்டயும் அனேகமா இருக்கு. அதனால உங்களுக்கு ரத்தத்துல ஈபிவி டெஸ்ட் எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, பாசிட்டிவ்னுதான் வரும். ஈபர்ங்கறது தூங்குற வைரஸ்கூட செல்லுக்குள்ள ஏராளமா உண்டாக்குற ஒரு சின்ன ஆர்என்ஏ, அதைத்தான் ஐஎஸ்எச்ங்கற முறைல திசுல சாயம் ஏத்திப் பாக்குறோம், கட்டியோட செல் ஒவ்வொண்ணோட உட்கருவும் கருப்பா தெரியும், பக்கத்துல இருக்குற நல்ல செல் வெறுமையா இருக்கும். இரைப்பை கேன்சர்ல பத்துல ஒண்ணுக்குக் கிட்ட இந்த வகை. மேல்பகுதில வர்றதும் ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்றதும் இதோட சுபாவம்.

மெய்யெழுத்து:
எபிஜெனெடிக் பத்தி நான் சொல்றேன், என் ஆராய்ச்சி இந்தப் பக்கம்தான். 'க' எழுதி மேல ஒரு புள்ளி வெச்சா 'க்' ஆயிடும் இல்லையா, எழுத்து அதேதான், ஆனா உள்ள இருந்த உயிர் போயிடுச்சு. டிஎன்ஏ மேல மெத்தில்னு ஒரு சின்ன கெமிக்கல் ஒட்டுறது அந்தப் புள்ளி மாதிரிதான். ஜீனோட எழுத்து மாறல, உடையல, ஆனா அதோட தொடக்க இடத்துல புள்ளி குவிஞ்சுட்டா அந்த ஜீன் வாயடைச்சுப் போயிடும்.

2014ல டிசிஜிஏங்கற பெரிய ஆய்வுல 295 இரைப்பை கட்டிகளை அலசி நாலு வகையா பிரிச்சாங்க, அதுல ஈபிவி வகைலதான் இந்தப் புள்ளி மத்த எல்லாத்தையும்விட கண்டபடி அதிகம். செல்லு தேவையில்லாம பெருகாம பிடிச்சு வெக்குற பி16னு ஒரு பிரேக், அது அந்த ஆய்வுல இருந்த ஈபிவி கட்டி எல்லாத்துலயும் இப்படித்தான் அடைச்சுக் கிடந்துச்சு. எழுத்துப்பிழையே இல்லைன்னு சொல்ல வரல, பிஐகே3சிஏங்கற ஜீன்ல மாற்றம் இதுல ரொம்ப சகஜம், ஆனா மத்த கேன்சர்ல அடிக்கடி உடையுற பி53ங்கற காவல் ஜீன் இதுல அபூர்வமாத்தான் உடைஞ்சிருக்கும்.

புள்ளி வெக்குறது யாருன்னா வைரஸ் நேரடியா இல்ல, நம்ம செல்லோட ஆளையே வேலை வாங்குது. வைரஸோட எல்எம்பி2ஏங்கற புரதம் நம்ம செல்லோட ஸ்டாட்3ங்கற புரதத்தை உசுப்பிவிடும், அது டிஎன்எம்டி1ங்கற என்சைமை அதிகமாக்கும், அந்த என்சைம்தான் புள்ளி வெக்குறது, அப்படித்தான் பிடென்னு இன்னொரு காவல் ஜீன் அடங்கிப்போகுதுன்னு 2009ல ஜப்பான்ல காட்டினாங்க. புள்ளிய அழிக்கிற பக்கம் டெட்2னு ஒண்ணு இருக்கு, வைரஸ் வந்தா அதுவும் குறைஞ்சுடுது. எழுதுறவன் கூடிட்டான், அழிக்கிறவன் குறைஞ்சுட்டான்.

உங்க தம்பிக்குப் பதில் இங்கதான் இருக்கு. செல் ரெண்டா பிரியும்போது டிஎன்எம்டி1 புள்ளியையும் சேத்து காப்பி பண்ணும், அதனால கட்டிக்குள்ள செல்லுக்கு செல் இது பரம்பரை. ஆனா நடந்தது அப்பாவோட இரைப்பை செல்லுல, நீங்க ரெண்டு பேரும் பொறந்து எத்தனையோ வருஷம் கழிச்சு. அந்தப் புள்ளி உங்ககிட்ட வர வழியே இல்ல.

வேப்பங்காத்து:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். புள்ளின்னா அழிக்கலாமே, அப்போ அழிக்கிற மருந்து கொடுத்தா சரியாயிடாதா? சில வீடியோல மெத்திலேஷனை சரி பண்ற விட்டமின்னு வேற சொல்றாங்க.

மெய்யெழுத்து:
விட்டமினை நம்பி ஒரு நாள்கூட வீணாக்க வேண்டாம், கட்டில அடைச்ச ஜீனை அது திறக்காது. மருந்து உண்மையிலேயே இருக்கு, அசாசிட்டிடின், டெசிட்டபின் ரெண்டும் எம்டிஎஸ்ங்கற எலும்பு மஜ்ஜை நோய்க்கு 2004, 2006லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கினது. சிக்கல் என்னன்னா அது எந்தப் புள்ளின்னு பாக்காது, இருக்கவேண்டிய புள்ளியையும் சேத்து அழிக்கும். இன்னொண்ணு, வைரஸ் தன்னோட டிஎன்ஏ மேலயும் அதே புள்ளிய போட்டுக்கிட்டுத்தான் நம்ம எதிர்ப்பு சக்தி கண்ணுல படாம பதுங்கியிருக்கு, அதை அழிச்சா தூங்குறது எழுந்துக்கும். அப்படி எழுப்பிவிட்டு வைரஸ் எதிர்ப்பு மருந்தால அந்த செல்லையே கொல்லலாமான்னு ஆராய்ச்சில பாக்குறாங்க, எனக்கு ரொம்ப நம்பிக்கை இருக்குற வழி அது, ஆனா இன்னிக்கு அப்பாவுக்கு எழுதிக் கொடுக்குற நிலைமைல இல்ல.

மழைக்கால_வாசு:
என் அம்மாவுக்கு இதே வகை, ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லா இருக்காங்க. நிலா, டாக்டர்கிட்ட பிடிஎல்1, எம்எஸ்ஐ ரெண்டு டெஸ்டும் கேளுங்க. பிடிஎல்1ங்கறது எதிர்ப்பு செல்லை அடக்கி வெக்குற புரதம், எம்எஸ்ஐங்கறது டிஎன்ஏ காப்பி பண்ணும்போது வர்ற பிழை திருத்தப்படாம குவிஞ்சிருக்கான்னு பாக்குறது. ஈபிவி வகைல பிடிஎல்1 ஜீன் பிரதி அதிகமாகி இருக்குறது உண்டு, கட்டிக்குள்ள எதிர்ப்பு செல்லும் கூட்டமா இருக்கும், அதனால இம்யூனோதெரபி, அதாவது நம்ம எதிர்ப்பு சக்தியையே கட்டி மேல ஏவிவிடுற சிகிச்சை பத்தி பேச்சு வரும். கொரியாவுல 2018ல வந்த ஆய்வுல பெம்ப்ரோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்து கொடுத்த 61 பேர்ல ஈபிவி உள்ளவங்க 6 பேர், ஆறு பேருக்கும் கட்டி சுருங்குச்சு. அதப் படிச்சுட்டு நாங்க துள்ளிக் குதிச்சோம், ஆனா பின்னாடி வந்த ஆய்வுகள்ல எல்லாருக்கும் அப்படி வேலை செய்யல, ஆறு பேர்ங்கறது ரொம்ப சின்ன எண்ணிக்கை. அறுவை சிகிச்சை பண்ற நிலைல இருந்தா அதைத்தான் முதல்ல பேசுவாங்க, இந்த வகைல நிணநீர் முடிச்சுக்குப் பரவுறது மத்ததைவிடக் குறைவுன்னு எங்க டாக்டர் சொன்னது அப்போ பெரிய ஆறுதலா இருந்துச்சு.

நிலாமகள்:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. புள்ளி விஷயத்தை தம்பிக்கு பேப்பர்ல எழுதிக் காட்டினேன், உடனே புரிஞ்சுகிட்டான். அம்மா இன்னிக்கு அப்பா பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டாங்க. பிடிஎல்1க்கு மறுபடி எண்டோஸ்கோபி பண்ணணுமா? அப்பா அதுக்குத்தான் பயப்படுறாரு.

ஸ்லைடு_பெட்டி:
பெரும்பாலும் வேண்டாம்மா. எடுத்த திசுவை மெழுகு பிளாக்ல வெச்சிருப்பாங்க, அதுல மிச்சம் இருந்தா அதுலேர்ந்தே வெட்டி ரெண்டு டெஸ்டும் பண்ணலாம். லேப்ல பிளாக் நம்பரைக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, வேற இடத்துல ரெண்டாவது கருத்து கேக்கப் போனாலும் ஸ்லைடோட அதையும் கேப்பாங்க. ஒண்ணு விட்டுட்டேன், நீங்களும் தம்பியும் ஹெச் பைலோரி டெஸ்ட் எடுத்துக்கறது பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, அது இரைப்பைல தங்குற வேற கிருமி, பாக்டீரியா, ஈபிவி மாதிரி இல்ல, மாத்திரைல போகக்கூடியது.