'டியர் ஓல்ட் ஸ்டாக்ஹோம்' மெட்டு யாருடையது?

கேள்வி:
ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ரவுண்ட் அபௌட் மிட்நைட்' ஆல்பத்தில் வரும் 'டியர் ஓல்ட் ஸ்டாக்ஹோம்' ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. முதல் முறை கேட்டபோதே, இதை முன்பே எங்கோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. ஆப்பில் ஹம் பண்ணிப் பார்த்தால் ஸ்மெதனாவின் 'வல்டாவா' என்று காட்டுகிறது. அது 1874இல் செக் நாட்டில் எழுதிய ஆர்கெஸ்ட்ரா இசை. வேறு சில இடங்களில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் பெயர் போட்டிருக்கிறது. உண்மையில் மெட்டு யாருடையது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
கெட்ஸ் இயற்றியது இல்லை. 1951 மார்ச்சில் அவர் ஸ்டாக்ஹோம் போயிருந்தபோது, பியானோவில் பெங்ட் ஹால்பெரி வாசிக்க, அங்கேயே பதிவு செய்தார். ஜாஸ் உலகத்துக்குள் இந்த மெட்டு வந்தது அப்படித்தான்.

மறுமொழி 2:
மூலம் 'ஆக் வேர்ம்லாண்ட், டூ ஹோனா' என்ற சுவீடன் நாட்டுப்பாடல். வேர்ம்லாண்ட் அந்நாட்டின் மேற்கே உள்ள ஒரு பகுதி. ஸ்டாக்ஹோம் இருப்பதோ கிழக்குக் கரையில். அதனால் ஆங்கிலத் தலைப்பை மட்டும் வைத்து மூலத்தை ஊகிக்க முடியாது. மெட்டு பழையது. அதற்கு 1822இல் ஆண்டர்ஸ் ஃப்ரிக்செல் ஒரு நாடகத்துக்காக வரிகள் எழுதினார்.

ஆப் வல்டாவாவைக் காட்டியதும் தப்பில்லை. நடபைரவி மாதிரியான மைனர் சுரங்களில் ஸ ரி க ம ப என்று ஏறி, தைவதத்தைத் தொட்டு இறங்கும் மெட்டுக் குடும்பம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. இத்தாலியின் 'லா மாந்தோவானா', இஸ்ரேலின் தேசிய கீதம் 'ஹத்திக்வா' எல்லாம் அந்தக் குடும்பம்தான். உங்களுக்குப் பழகியதாகத் தோன்றியது இதனால்தான் இருக்கும்.

மறுமொழி 3:
ஸ்மெதனா 1856 முதல் 1861 வரை சுவீடனின் கோதென்பர்க்கில் வேலை பார்த்தவர். அங்கிருந்தே எடுத்திருப்பாரோ?

மறுமொழி 2:
அந்த ஒரு காரணத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இப்படி ஏறி இறங்கும் மெட்டுகள் அவருக்கு முன்பே பல நாடுகளில் புழங்கின.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி! சுவீடன் பாடகர் யூஸி பியோர்லிங் பாடியதை இப்போதுதான் கேட்டேன். மூன்று எண்ணிக்கையில் அசைந்து போகிற அதே மெட்டு! மைல்ஸ் நான்கு எண்ணிக்கைக்கு மாற்றியதால்தான் எனக்குப் பிடிபடவில்லை. வல்டாவாவைப் பள்ளி நாட்களில் அப்பாவின் கேசட்டில் கேட்டதும் நினைவுக்கு வந்துவிட்டது. சரி, மைல்ஸ் இதை 1952இலும் பதிவு செய்திருக்கிறாராமே, அது எப்படி?

மறுமொழி 1:
ஆமாம், ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக. ஜே. ஜே. ஜான்சன் டிராம்போன், ஜாக்கி மெக்லீன் ஆல்டோ சாக்ஸபோன். முதலில் கெட்ஸ், அப்புறம் அது, கடைசியாக, சாக்ஸபோனில் கோல்ட்ரேனும் பாஸில் பால் சேம்பர்ஸும் இருக்கிற, நீங்கள் கேட்ட 1956 பதிவு. இந்த வரிசையில் கேளுங்கள்.