அமெரிக்க ராணுவ ரிசர்வ்: விடுபட்ட ஓய்வூதியப் புள்ளிகளைப் பணிப்பதிவேட்டில் சேர்க்கக் கோருவது எப்படி?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாக 2013-இல் ராணுவ ரிசர்வில் (பகுதிநேரப் படை) சேர்ந்தவன் நான். இன்றும் பணியில் இருக்கிறேன்.

அண்மையில் என் ஓய்வூதியப் புள்ளிகளின் ஆண்டுவாரி அறிக்கையை (டிஏ 5016) எடுத்துப் பார்த்தபோது, 2018-இல் முடிந்த ஓய்வூதிய ஆண்டுக்கு 43 புள்ளிகளே பதிவாகியிருப்பதைக் கண்டேன். 50 புள்ளிகள் இல்லாத ஆண்டு, ஓய்வூதியத்துக்குத் தேவையான 20 தகுதியாண்டுகளில் ஒன்றாகக் கணக்கில் வராது என்பதால், ஓராண்டு உழைப்பு கைநழுவிப் போகுமோ என்று கவலையாக இருக்கிறது. அந்த ஆண்டில் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக மதுரைக்குச் செல்ல வேண்டியிருந்ததால், யூனிட்டின் அனுமதியுடன் இரண்டு வார இறுதிப் பயிற்சிகளை வேறொரு யூனிட்டில் செய்தேன். இரண்டுக்கும் அங்கிருந்த அதிகாரி பயிற்சி செய்ததற்குச் சான்றான டிஏ 1380 படிவத்தில் கையொப்பமிட்டுத் தந்தார். முதல் வார இறுதிக்குச் சம்பளம் வந்தது, புள்ளிகள் ஏறவில்லை. இரண்டாவதற்குச் சம்பளமும் இல்லை, புள்ளியும் இல்லை. அப்போது இருந்த பணியாளர் பிரிவினர் (எஸ்-1) எவரும் இப்போது அந்த யூனிட்டில் இல்லை. நேரடியாக ராணுவப் பதிவேடுகள் திருத்த வாரியத்துக்கு டிடி 149 விண்ணப்பம் அனுப்பிவிடலாமா?

பழைய எஸ்-1 சார்ஜென்ட்:

தம்பி, வாரியத்துக்கு இப்போது எழுத வேண்டாம். கீழ்நிலையில் திருத்திக்கொள்ளக்கூடிய வழிகள் அனைத்தையும் முயன்ற பிறகுதான் வாரியத்தை அணுக வேண்டும் என்பது விதி. அவ்வாறு முயன்றதற்கான சான்று இல்லாத விண்ணப்பம், அதில் சொல்லப்பட்ட விஷயம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், பரிசீலனைக்கே போகாமல் திரும்பி வரும். உங்கள் விஷயம் அடிப்படையில் படிவம் ஏறாமல் போன ஒன்று. அதை யூனிட்டின் பணியாளர் பிரிவு வழியாக, ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகமே சரிசெய்ய முடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நான்கு மணி நேரப் பயிற்சி ஒன்றுக்கு ஒரு புள்ளி, நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு. ஆகவே வழக்கமான வார இறுதிக்கு நான்கு புள்ளிகள். முதல் வார இறுதி மட்டும் ஏறினால் 47-இல் நின்றுவிடும்; இரண்டும் ஏறினால்தான் 51. எனவே சம்பளச் சீட்டு இருக்கும் எளிதான பாதியை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், இரண்டையும் ஒரே கோரிக்கையாக வையுங்கள்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓய்வூதிய ஆண்டு என்பது ஜனவரியிலோ அக்டோபரிலோ தொடங்குவதல்ல. நீங்கள் படையில் சேர்ந்த தேதியை ஒட்டியே தொடங்குகிறது. அந்த இரண்டு வார இறுதிகளும் 43 புள்ளி காட்டும் அதே ஆண்டுக்குள் வருகின்றனவா என்று பாருங்கள். எல்லைக்கு ஒரு வாரம் அப்பால் விழுந்திருந்தால், அவற்றைச் சேர்த்தாலும் அடுத்த ஆண்டுக்குத்தான் ஏறும். அத்துடன், ரிசர்வில் முழு ஆண்டும் இருந்ததற்காகக் கிடைக்க வேண்டிய 15 உறுப்பினர் புள்ளிகள் முழுதாக வந்திருக்கின்றனவா, அந்த ஆண்டில் முடித்த தொலைநிலைப் படிப்புகளுக்கு உரிய புள்ளிகள் ஏறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். கைக்கு எளிதாகக் கிடைக்கக்கூடிய புள்ளிகள் பல நேரங்களில் அங்கேதான் விடுபட்டிருக்கும்.

பிறகு சான்றுகள். முதல் வார இறுதிக்கு, பயிற்சித் தேதிகள் தெரியும்படியான சம்பளச் சீட்டை டிஏ 1380 உடன் இணையுங்கள். அரசே சம்பளம் கொடுத்த நாளுக்குப் புள்ளி இல்லை என்று எவராலும் எளிதில் வாதிட முடியாது. இரண்டாவதற்கு அந்தப் படிவம் ஒன்றே ஆதாரமாக இருப்பதால், அதற்குத் துணையாக அந்த யூனிட்டின் வருகைப் பதிவு, அனுமதி அளித்த மின்னஞ்சல் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சேருங்கள். ராணுவத்தின் மின்னணு ஆவணக் காப்பகமான ஐபெர்ம்ஸில் உங்கள் ஆவணக் கோப்பைத் திறந்து, இவற்றில் எவை ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ளன என்றும் பாருங்கள். கோரிக்கையை வாய்மொழியாக வைக்காமல் எழுத்தில், தேதியுடன் கொடுங்கள். வரும் பதில் எதுவானாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். நாளை வாரியம் வரை போக நேர்ந்தால், கீழ்நிலையில் முயன்றீர்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கொலராடோ அக்கா:

சார்ஜென்ட் அண்ணன் சொன்ன வரிசையே சரி. என் கணவரின் கோரிக்கை கீழ்நிலையில் மறுக்கப்பட்டு வாரியம் வரை போனது. அந்த விண்ணப்பத்தின் தாள்களை ஒழுங்குபடுத்தியவள் நான் என்பதால், அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

வாரியத்தில் இருப்பவர்கள் ராணுவத் துறையின் சிவிலியன் அலுவலர்கள். ஒரு வழக்கைக் குறைந்தது மூவர் பார்க்கிறார்கள். நேரில் விசாரிக்கும்படி கேட்கலாமே தவிர, அது நம் உரிமையல்ல; ஏறக்குறைய எல்லா வழக்குகளும் தாளைப் பார்த்தே முடிவாகின்றன. பதிவேட்டில் உள்ளது சரியாகவே செய்யப்பட்டது என்ற அனுமானத்திலிருந்துதான் அவர்கள் தொடங்குவார்கள். அது தவறு என்று காட்டும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பிப்பவருடையது. அதனால் டிடி 149-இல் என்ன நடந்தது, எவ்வளவு மனவேதனை என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, எந்தப் பதிவில் எந்த வரி தவறு, அது எப்படி இருக்க வேண்டும், அதற்கு இணைப்பில் எந்தத் தாள் சான்று என்று தெளிவாக எழுதுவதே பயன்தரும். “2018-இல் முடிந்த ஓய்வூதிய ஆண்டில் 8 புள்ளிகள் சேர்த்து, அதைத் தகுதியாண்டாகக் காட்ட வேண்டும்” என்பதைப் போலக் கோரிக்கை ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட வேண்டும். இரண்டாவது வார இறுதிக்கான சம்பளப் பாக்கியையும் கேட்பதானால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

அந்தப் பயிற்சியில் உடனிருந்த ஒருவர் கிடைத்தால், பொய் சொன்னால் தண்டனைக்கு உள்ளாவேன் என்ற உறுதிமொழியுடன், தேதியிட்டு, கையொப்பமிட்ட வாக்குமூலம் வாங்குங்கள். கூட்டரசுச் சட்டப்படி, உரிய வாசகத்தோடு எழுதிய வாக்குமூலத்துக்கு நோட்டரி தேவையில்லை. நல்ல சிப்பாய் என்று புகழும் கடிதங்களால் இங்கே பயனில்லை. அந்தத் தேதியில் அந்த இடத்தில் உங்களைக் கண்டேன் என்பதே வேண்டும்.

விண்ணப்பித்த பிறகு, வாரியம் சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்பதுண்டு. அதன் நகல் உங்களுக்கு வரும்போது தயவுசெய்து அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். பலர் அதைத் தீர்ப்பு என்று எண்ணிச் சோர்ந்துபோய்ப் பதில் எழுதாமல் விடுகிறார்கள். உண்மையில் அதற்கு மறுமொழி எழுதத்தான் உங்களுக்கு அனுப்புகிறார்கள். என் கணவரின் விஷயத்தில் அந்த மறுமொழியே திருப்பமாக அமைந்தது. பத்து மாதங்களுக்குள் 90 சதவீத வழக்குகளையும், பதினெட்டு மாதங்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பொறுமையுடன் இருங்கள்.

வைகைக்கரையான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதிகளைச் சரிபார்த்துவிட்டேன்; இரண்டு வார இறுதிகளும் அதே ஆண்டுக்குள்தான் வருகின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள். தவறு நடந்து இத்தனை ஆண்டுகள் ஆனபின், வாரியத்துக்கு விண்ணப்பிப்பதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு எனக்கு எதிராக நிற்குமா? மற்றொன்று பெயர் தொடர்பானது. என் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக இருந்ததால் விசாவில் என் பெயரே குடும்பப்பெயராகி, முதற்பெயர் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, படையில் சேர்ந்த காலத்துத் தாள்களிலும், அடிப்படைப் பயிற்சி முடிந்தபோது தந்த டிடி 214 என்ற விடுவிப்புச் சான்றிதழிலும் அப்படியே நின்றுவிட்டது. குடியுரிமை பெறும்போது என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து முழுப்பெயராக்கிக்கொண்டேன். அந்த வேறு யூனிட்டோ 1380-இல் இரண்டையும் இடம்மாற்றி எழுதியிருக்கிறது.

தஞ்சை வழக்குரைஞர்:

மூன்றாண்டு என்பது தவறு நடந்த நாளிலிருந்து அல்ல, நீங்கள் அதைக் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. ஆனால் புள்ளி அறிக்கை ஆண்டுதோறும் பார்க்கக் கிடைப்பதால், முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்ல இடமுண்டு. அதனால் எப்போது, எந்த அறிக்கையைப் பார்த்து அறிந்தீர்கள் என்பதை எழுதுவதோடு, காலதாமதத்தை நீதியின் நலன் கருதிப் பொறுத்தருளும்படியும் அதே விண்ணப்பத்தில் கோருங்கள். அந்த அதிகாரம் வாரியத்துக்குச் சட்டப்படியே உண்டு.

பெயர் விஷயத்தை இரண்டாகப் பிரியுங்கள். 1380-இல் உள்ளது எழுத்துப்பிழை. சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்கள் அதில் சரியாக இருந்தால், இரு பெயர்களும் ஒருவருக்கே உரியவை என்று காட்ட அதுவும் குடியுரிமைச் சான்றிதழின் நகலும் போதும். டிடி 214 வேறு வகை. அது வழங்கப்பட்ட நாளில் உங்கள் சட்டப்பூர்வப் பெயர் எது என்பதே கேள்வி. மாவ்னி வழியில் வந்த பலர் பயிற்சியின் முடிவிலேயே குடியுரிமை பெற்றார்கள். பெயர்மாற்றம் முந்தியது, டிடி 214 பிந்தியது என்றால் அது வழங்கும்போதே பிழையாக இருந்தது. டிடி 214-ஐத் திருத்தும் படிவமான டிடி 215 வழியாகத் திருத்தம் கேட்க நியாயம் இருக்கிறது. டிடி 214 முந்தியதென்றால், அது அன்றைய நிலையைச் சரியாகவே காட்டுகிறது என்று மறுக்க வாய்ப்பு அதிகம். அப்போது பெயர்மாற்ற ஆவணத்தை ஐபெர்ம்ஸில் சேர்த்துவைப்பதே நடைமுறைக்கு உகந்தது. எதுவாயினும், புள்ளிக் கோரிக்கையோடு இதைக் கலக்காதீர்கள். தெளிவான ஒன்று, வாதத்துக்குரிய மற்றொன்றால் தாமதமாகக் கூடாது.

பழைய எஸ்-1 சார்ஜென்ட்:

தம்பிக்கு ஒரு சிறு ஆறுதல்: அந்த ஆண்டு தகுதியாண்டாக ஏற்கப்படாவிட்டாலும் 43 புள்ளிகள் வீணாவதில்லை. 20 ஆண்டுகள் நிறைவாகி ஓய்வூதியம் கணக்கிடும்போது மொத்தப் புள்ளிகளோடு அவையும் சேரும். ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், அந்த ஒரு ஆண்டுக்காக இன்னொரு முழு ஆண்டு பணியில் இருக்க வேண்டிவரும்.

இதைப் படிக்கும், மாநிலங்களின் கீழ் இயங்கும் தேசியக் காவற்படை நண்பர்களுக்கு: உங்கள் புள்ளி அறிக்கை என்ஜிபி 23, விடுவிப்புத் தாள் என்ஜிபி 22. உங்கள் திருத்தக் கோரிக்கை ஃபோர்ட் நாக்ஸுக்கு அல்ல, முதலில் உங்கள் மாநிலத் தலைமையகத்துக்கே போக வேண்டும்.