ஃபோட்டிக் டிரைவிங்குக்கு (photic driving) தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

டீச்சர்: எல்லாருக்கும் வணக்கம். ஆறாம் ஆண்டு பிள்ளைங்க மாஜோங் பேப்பர்ல, அதான் அந்தப் பெரிய தாள்ல, மூளை அலை பத்தி எழுதுறாங்க. ஒரு பையனோட அண்ணனுக்குத் தலையெல்லாம் வயர் ஒட்டி, கண்ணுக்கு நேரா லைட்ட டப்பு டப்புன்னு அடிச்சு ஈஈஜி (மூளை அலைய அளக்குற சோதனை) பார்த்தாங்களாம், அதுலேர்ந்து வந்த ஆசை. வினாடிக்கு 10 தடவ லைட்டு சிமிட்டுனா பின்மண்டை அலையும் 10ன்னு அதோடயே போகுது. இதான் ஃபோட்டிக் டிரைவிங், இதுக்குத் தமிழ்ல ஒரே சொல்லு வேணும்.

வாத்தியார்: ஒத்திசைவுன்னு போடும்மா, முடிஞ்சது வேலை.

ஈஈஜி தம்பி: முடியலங்க ஐயா. 1665ல டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாம படுத்துக்கிட்டே ரெண்டு ஊசல் கடிகாரத்தப் பார்த்தாரே, ஒண்ணு இங்கிட்டு போனா இன்னொண்ணு அங்கிட்டுன்னு, அதான் ஒத்திசைவு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விட்டுக்குடுத்துச்சு. இங்க லைட்டு மூளைக்காக மாறவே மாறாது, மூளைதான் பின்னாலயே போகும். 1929ல ஜெர்மன் டாக்டர் பெர்கர் எழுதுன ஆல்ஃபா அலை வினாடிக்கு 8லேர்ந்து 13. லைட்டு அந்தக் கணக்குக்குப் பக்கத்துல இருந்தா நல்லா புடிச்சுக்கும், கேம்பிரிட்ஜ்ல ஏட்ரியனும் மேத்யூஸும் 1934லயே காட்டிட்டாங்க.

சித்தியவான் அண்ணன்: அப்ப ஒளியிழுப்பு. இழுத்த பக்கம் போகுதுல்ல.

டீச்சர்: அண்ணே, இழுப்புன்னா எங்க ஊர்ல வலிப்பு! 1997 டிசம்பர்ல ஜப்பான்ல போக்கிமான் பார்த்து 600க்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, செவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவ மாறி மாறி மின்னுனதுல. ஒருசில பேருக்குத்தான் அப்படி ஆகும், ஆனா பேப்பர்ல இழுப்புன்னு பார்த்தா தாய்மாருங்க என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க.

கிராணி வீட்டுப் பிள்ளை: பெரட்டுன்னு வைங்க லா, ரப்பர் தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்க நிக்கிற வரிசை. அப்பா காலத்துல விடியாத இருட்டுல வேலை வாங்குற தண்டல் மணி அடிச்சா லயத்து வீட்டுல தூக்கத்துல இருந்தவன்கூட பால் மங்கும் மரம் சீவுற உளியுமா வரிசைக்கு வந்துருவான். மணிதான் லைட்டு, வரிசைதான் அலை. தோட்டத்துல எல்லாருக்கும் புரியும்.

வாத்தியார்: பெரட்டு பரேடோட பேத்தி, தமிழா அது? மினு-லேர்ந்து செய்யலாம்னு பார்த்தா தொல்காப்பியர் இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையான்னுட்டாரு, மினுமினுவ ஒடைக்க முடியாது. மினுக்குன்னா பவுடர் பூசிட்டு கடை வாசல் அஞ்சடில திரியிறதா ஆயிரும். துடி எடுத்துக்குங்க, துடிச்சா துடிப்பு, அடிச்சா பறை, புறநானூறு 335ல துடியன் வர்றான்...

உருமி பையன்: அப்ப ஒத்தூதல்! நாயனத்துக்கு ஒத்து மாதிரி லைட்டுக்கு மூளை. எங்க செட்டுல உருமிய வேகப்படுத்துனா சாமி வர்றவங்க கால் அடியும் மாறும், நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ஈஈஜி தம்பி: கால் மாறுறத வச்சு மூளை அலைய அளக்க முடியாது தம்பி. ஒத்து ஒரே சுருதியப் புடிச்சுக்கிட்டே நிக்கும், இங்க லைட்டு 15க்கு மாறுனா அலையும் 15க்கு ஏறணும். அதுபோக ஒத்தூதுறவன்னா யாருன்னு கட்சிக் கிளைத் தேர்தல் நேரத்துல தெரியும். இன்னொண்ணு, மூளைக்குள்ள ஏற்கனவே ஓடுற அலைதான் லைட்டு பக்கம் திரும்புதா, இல்ல ஒவ்வொரு மின்னலுக்கும் புதுசா ஒரு துள்ளல் வந்து வரிசையா அடுக்குதா, இதுல ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் சண்டை. இழுத்தல், ஒத்தூதல் எல்லாம் முதல் கட்சிக்கு ஓட்டுப் போட்ட மாதிரி.

வயர்மேன்: நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட்டு வினாடிக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. அப்ப வகுப்புல எல்லாப் பிள்ளைக்கும் 100 ஓடுமா?

ஈஈஜி தம்பி: அண்ணே, அதத் தனியா எழுதுங்க.

டீச்சர்: ஒளிப் பின்தொடர்வுன்னு முடிவு பண்ணிட்டேன். மூணு பேர் சரின்னீங்க, ரெண்டு பேர் தூங்கிட்டீங்க, வெள்ளிக்கிழமை வந்துருச்சு. மார்க்கர்ல பெருசா எழுதியாச்சு. அந்தப் பையன் கீழ பென்சில்ல ‘லைட்டுக்குப் பின்னாலயே போற அலை’ன்னு எழுதி வச்சிருக்கான். அழிக்க மனசு வரல.

வாத்தியார்: பின்தொடர்வுன்னா ஒளி போன பிறகு வர்றதுன்னுல்ல படுது. நான் ஒத்துக்கல. துடி பத்தி பாதிதான் சொல்லியிருக்கேன், பசியாறிட்டு வந்து மிச்சம் எழுதுறேன்.