சி++: ஸ்ட்ரக்டின் உறுப்பை டெம்ப்ளேட் ஆர்குமெண்டாக அனுப்ப முடியுமா?

கேள்வி

வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அளவீடு என்று ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய வகை) வைத்திருக்கிறேன். அதில் வெப்பம், ஈரம், அழுத்தம் என்று மூன்று உறுப்புகள், மூன்றும் டபுள் (தசம எண் வகை). பல ஆயிரம் அளவீடுகள் பட்டியல் என்ற ஒரு வெக்டரில் (ஒரே வகைப் பொருள்களின் வரிசை) இருக்கின்றன. ஒவ்வொரு உறுப்புக்கும் உச்சம், தாழ்வு, சராசரி வேண்டும். ஆகவே ஒன்பது ஃபங்ஷன்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றுதான், உறுப்பின் பெயர் மட்டும் மாறும்.

போன வாரம் ஈரத்தின் உச்சம் தவறாக வந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது. வெப்பத்துக்கான ஃபங்ஷனை நகலெடுத்துப் பெயரை மாற்றியபோது ஒரு வரியை விட்டுவிட்டேன்:

`இஃப் (அ.ஈரம் > பெரியது) பெரியது = அ.வெப்பம்;`

இரண்டும் டபுள் என்பதால் கம்பைலர் வாயே திறக்கவில்லை. அன்றே இந்த ஒன்பதையும் மூன்றாகச் சுருக்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

`உச்சம்<வெப்பம்>(பட்டியல்)` என்று ஒரு டெம்ப்ளேட்டை (வகையையோ மதிப்பையோ பின்னர் நிரப்பிக்கொள்ளும் அச்சு) எழுதி அழைத்துப் பார்த்தேன். வெப்பம் என்ற பெயரே இங்கு அறிவிக்கப்படவில்லை என்கிறது. `உச்சம்<அளவீடு::வெப்பம்>` என்று எழுதினால், பொருள் இல்லாமல் உறுப்பைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. உறுப்பின் இடத்துக்கு உ என்று பெயர் வைத்து டெம்ப்ளேட்டுக்குள் `அ.உ` என்று எழுதியதற்கு, அளவீட்டில் உ என்ற உறுப்பு இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. மேக்ரோ (கம்பைலுக்கு முன் எழுத்தை மாற்றிப் பதிக்கும் வசதி) போட்டால் வேலை நடக்கும் என்று தெரியும். ஆனால் பிழை வந்தால் எந்த வரியில் என்றே புரியாது, அதனால் வேண்டாம். உறுப்பின் பெயரைச் சரமாகக் கொடுத்து ஓடும்போது தேடுவதும் வேண்டாம். கம்பைல் ஆகும்போதே முடிவாக வேண்டும். வழி இருக்கிறதா?

பதில் 1

இருக்கிறது. நீங்கள் வாசலுக்கு மிக அருகில்தான் நிற்கிறீர்கள், ஒரே ஒரு குறிதான் விட்டுப்போயிருக்கிறது.

டெம்ப்ளேட் ஏற்றுக்கொள்பவை மூன்று: ஒரு வகை, ஒரு மதிப்பு, அல்லது இன்னொரு டெம்ப்ளேட். வெறும் பெயர் இந்த மூன்றிலும் சேராது. ஆனால் `&அளவீடு::வெப்பம்` ஒரு மதிப்பு. அதன் வகை `டபுள் அளவீடு::*`, அதாவது உறுப்புக்கான பாயிண்டர். பாயிண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவகத்தில் ஏதோ ஒரு முகவரி என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே இன்னும் எந்தப் பொருளும் இல்லை. எந்த அளவீட்டைக் கையில் கொடுத்தாலும் அதற்குள் எந்த உறுப்பை எடுப்பது என்பதை மட்டும் அது சொல்கிறது. லினக்ஸில் ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களும் இதைப் பொருளின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்ணாகவே வைத்திருக்கின்றன. உங்கள் ஸ்ட்ரக்டில் வெப்பத்துக்கு 0, ஈரத்துக்கு 8, அழுத்தத்துக்கு 16. முதல் உறுப்பே 0 ஆகிவிடுவதால், எதையும் சுட்டாத உறுப்புப் பாயிண்டரை அங்கே -1 என்று குறிக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த விஷயம் முழுதாகப் பிடிபட்டது.

மொழியின் முக்கியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் இடுகிறேன். உங்கள் நிரலில் வழக்கமான எழுத்தில் இட்டுக்கொள்ளுங்கள்.

```
டெம்ப்ளேட்<ஆட்டோ உ, டைப்நேம் தொகுப்பு>
ஆட்டோ உச்சம்(கான்ஸ்ட் தொகுப்பு& ப)
{
    ஆட்டோ பெரியது = ப.ஃப்ரண்ட்().*உ;
    ஃபார் (கான்ஸ்ட் ஆட்டோ& அ : ப)
        இஃப் (அ.*உ > பெரியது) பெரியது = அ.*உ;
    ரிட்டர்ன் பெரியது;
}
```

அழைப்பது இப்படி: `உச்சம்<&அளவீடு::ஈரம்>(பட்டியல்)`

புள்ளிக்குப் பதிலாக `.*` வந்திருப்பதைக் கவனியுங்கள். பொருளுக்குப் பாயிண்டர் வைத்திருந்தால் `->*`. ஈரம் என்ற சொல் இப்போது அழைக்கும் இடத்தில் ஒரே ஒரு முறைதான் வருகிறது, ஆகவே போன வாரம் நேர்ந்தது மறுபடி நேர வழியே இல்லை. பட்டியல் காலியாக இருந்தால் மட்டும் முதல் வரியே ஆபத்து, அழைக்கும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

டெம்ப்ளேட்டில் ஆட்டோ போடுவது சி++17 முதல்தான். அதற்கு முன்பும் இது முடியும், ஆனால் வகைகளையும் நாமே ஒப்பிக்க வேண்டும்: `உச்சம்<அளவீடு, டபுள், &அளவீடு::ஈரம்>`. எழுதும் கைக்கும் படிக்கும் கண்ணுக்கும் அது பெரிய பாடு.

கேட்டவர்

மிக்க நன்றி. முதலில் ஆட்டோவை ஏற்கவில்லை. நிரல் சி++14 பதிப்பில் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது. 17க்கு மாற்றியதும் ஓடிவிட்டது.

ஆனால் இரண்டு புதிய இடங்களில் தடை. அளவீட்டில் உணர்வெப்பம்() என்று ஒரு உறுப்பு ஃபங்ஷன் சேர்த்தேன். அதற்கும் உச்சம் வேண்டும் என்று `அ.*உ()` என எழுதினால் பிழை. இன்னொன்று: அளவீட்டை இன்று பதிவு என்ற ஸ்ட்ரக்டிலிருந்து பெறும்படி மாற்றினேன், நேரம் என்ற உறுப்பு பதிவில் இருக்கிறது. உ எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று கண்டறிய ஒரு சிறு டெம்ப்ளேட் எழுதி, அது அளவீடாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டாட்டிக் அஸர்ட் (கம்பைல் ஆகும்போதே நடக்கும் சோதனை) போட்டேன். `&அளவீடு::நேரம்` கொடுத்தால் அந்தச் சோதனை தோற்கிறது. அளவீடு என்று நான்தானே எழுதிக் கொடுக்கிறேன்?

பதில் 2

முதலாவது முன்னுரிமைச் சிக்கல். `.*` குறியைவிட அழைப்பு அடைப்புக்குறி இறுக்கமாக ஒட்டும், ஆகவே கம்பைலர் முதலில் `உ()` என்றே படிக்கிறது. `(அ.*உ)()` என்று எழுதுங்கள். அதைவிட, தரவு உறுப்பா ஃபங்ஷனா என்று கவலைப்படாமல் இரண்டுக்கும் `ஸ்டிடி::இன்வோக்(உ, அ)` போதும். அதுவும் 17இல் வந்ததுதான். உணர்வெப்பத்துக்குக் காற்றின் வேகத்தை வாங்கும் இன்னொரு வடிவமும் எழுதிவிட்டால், எந்த வடிவம் என்று ஆட்டோவுக்குத் தெரியாது. அப்போது ஸ்டாட்டிக் காஸ்ட் செய்து வகையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது பலரும் விழுந்து எழுந்த பள்ளம். நீங்கள் எழுதும் பெயர் தேடுவதற்கான தொடக்க இடம் மட்டுமே. உறுப்பு உண்மையில் எங்கே அறிவிக்கப்பட்டதோ அந்த வகுப்புதான் வகையில் நிற்கும். `&அளவீடு::நேரம்` என்றாலும் அது பதிவின் உறுப்புதான். `அ.*உ` தடையின்றி வேலை செய்யும். உங்கள் சோதனைதான் தேவைக்கு மேல் கடுமையாக இருக்கிறது. இரண்டும் ஒரே வகுப்பா என்று கேட்காமல், அது அளவீட்டின் அடிப்படை வகுப்பா என்று ஈஸ்_பேஸ்_ஆஃப் கொண்டு கேளுங்கள்.

அடைப்புக்குறி விஷயத்தில் இன்னொன்று: `&(அளவீடு::ஈரம்)` என்று எழுதினால் அது உறுப்புப் பாயிண்டரே ஆகாது. ரெஃபரன்ஸ் உறுப்புக்கும் பிட் ஃபீல்டுக்கும் உறுப்புப் பாயிண்டர் எடுக்கவே முடியாது. ஸ்டாட்டிக் உறுப்புக்கு எடுத்தால் சாதாரணப் பாயிண்டர் கிடைக்கும், அதோடு `.*` சேராது.

பதில் 3

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் உங்கள் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் டெம்ப்ளேட் ஆர்குமெண்டே தேவையில்லை என்பது என் கருத்து. சி++20 கிடைத்தால் இது போதும்:

`ஸ்டிடி::ரேஞ்சஸ்::மேக்ஸ்_எலிமென்ட்(பட்டியல், {}, &அளவீடு::ஈரம்)`

மூன்றாவதாகப் போவது அதே உறுப்புப் பாயிண்டர்தான், சாதாரண ஆர்குமெண்டாக. உறுப்பு ஃபங்ஷனையும் அப்படியே கொடுக்கலாம். திரும்பி வருவது இட்டரேட்டர் (பட்டியலில் ஓர் இடத்தைச் சுட்டுவது). பட்டியல் காலியாக இருந்தால் அதன் கடைசிக்கு அடுத்த இடத்தைச் சுட்டும், ஆகவே அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மதிப்பை எடுங்கள்.

உறுப்பைக் கம்பைல் நேரத்திலேயே கட்ட வேண்டிய இடம் வேறு. ஒரே பணி இரண்டு பட்டியல்களில் இருக்க வேண்டும், அதற்கான இணைப்புகளும் பணிக்குள்ளேயே இருக்கின்றன என்று வையுங்கள். `கோவை<&பணி::காத்திருப்பு>`, `கோவை<&பணி::காலக்கெடு>` என்று எழுதினால் இரண்டும் வெவ்வேறு வகைகள். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் கொடுத்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். அந்தக் காவலுக்காக இதைப் பயன்படுத்துங்கள், மற்ற இடங்களில் எளிய வழி போதும்.

எல்லா உறுப்புகளையும் பெயரோடு சுற்றிவரும் தேவை வந்தால் உறுப்புப் பாயிண்டர் மட்டும் போதாது. அதற்கான ரிஃப்ளெக்ஷன் வசதி (நிரல் தன் வகைகளைத் தானே ஆராய்வது) 2025 ஜூனில் சி++26 வரைவில் ஏற்கப்பட்டது.

கேட்டவர்

இன்னும் சி++20க்கு மாற முடியாததால் பதில் 1இல் உள்ள வடிவத்தையே எடுத்துக்கொண்டேன், உள்ளே இன்வோக் வைத்து. ஈஸ்_பேஸ்_ஆஃப் போட்டதும் நேரமும் சரியாகிவிட்டது. ஒன்பது ஃபங்ஷன்கள் மூன்றாகிவிட்டன. பழையவற்றை அழிக்கும் முன் இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், எட்டு பொருந்தின. அழுத்தத்தின் தாழ்வு பொருந்தவில்லை. திறந்து பார்த்தால் அங்கும் ஒரு வரியில் `அ.வெப்பம்`.