புதுப்பிப்பு: கல்லடி வீட்டுப் பெங்கால் பூனை

மட்டக்களப்பின் கல்லடியிலுள்ள அக்காவின் வீட்டுக்கு வந்த புள்ளிப் பூனைக்குட்டி பெங்கால் இனத்தது என்றும், வங்காளத்திலிருந்து வந்ததால் அப்பெயர் பெற்றது என்றும் முன்னர் எழுதியிருந்தேன். இனம் சரி, பெயர்க்காரணம் பிழை. ஆசியச் சிறுத்தைப் பூனை எனப்படும் சிறிய காட்டுப்பூனையின் அறிவியற் பெயரான 'பிரயோனைலூரஸ் பெங்காலென்சிஸ்' என்பதிலிருந்தே இனப்பெயர் பிறந்தது. (ஆக, வங்காளம் சுற்றிவளைத்துத்தான் உள்ளே வருகிறது.)

அமெரிக்காவில் ஜீன் மில் 1963 இல் அக்காட்டுப்பூனையை வீட்டுப்பூனையோடு முதன்முறை கலந்தார். 1980களில், இரத்தப்புற்று ஆய்வுக்காக உருவாக்கப்பட்டிருந்த கலப்புப் பூனைகளைப் பெற்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முதற் சில தலைமுறைகளின் ஆண்பூனைகள் பெரும்பாலும் மலடாக இருப்பதால் இனத்தை நிலைப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. இன்று வீடுகளில் வளர்பவை பொதுவாக நான்காம் தலைமுறைக்கும் பிற்பட்டவை.

இதில் பெருஞ்சிறுத்தையின் இரத்தம் உண்டா எனச் சிலர் கேட்டனர்; துளியும் இல்லை. நமது வாவிக்கரையின் மீன்பிடிப் பூனையும் இதற்கு மூதாதையன்று. சிறுத்தைப் பூனை இலங்கையின் காடுகளில் வாழ்வதேயில்லை.

அக்காவின் குட்டிக்கு விலாவில், கருவிளிம்பும் உள்ளே இளம்பழுப்பும் கொண்ட ரோசாவடிவப் புள்ளிகள் தெளிந்துவிட்டன. வெயிலில் உரோமம் பொன்தூள் தூவியதுபோல் மினுங்குகிறது. குணம்தான் சோதனை: தண்ணீருக்கு அஞ்சாத இவ்வினத்துக்கு ஓயாத விளையாட்டு வேண்டும், அது கிடைக்காத நாளில் குசினிக் குழாயடியில் முழுக்க நனைந்து, அப்படியே அலுமாரியின் உச்சிக்குத் தாவிவிடுகிறது.